பதினேழு பேரில் ஒருத்தி

ரொட்டித் தட்டு எங்கள் பெஞ்சுக்கு எப்போதும் இடப்பக்கமிருந்துதான் வரும். முதலில் நான். எனக்கு வலப்பக்கம் அவர். அவருக்கு அந்தப் பக்கம், மாதத்துக்கு மாதம் மாறும் யாரோ ஒருவர்.

நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தட்டை அவரிடம் கொடுப்பேன். இரண்டு கையாலும் வாங்கி ஒரு நொடி மடிமேல் வைத்துக்கொள்வார். பிறகு எதையும் தொடாமல் அடுத்தவரிடம் நீட்டிவிடுவார். கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் திராட்சை ரசம் வரும். அதற்கும் அப்படியே.

புதிதாக வந்தவர்கள் பதறிப்போவார்கள். "அண்ணே, நீங்க எடுக்கலையே" என்று தட்டைத் திருப்பி நீட்டுவார்கள். அவர் குனிந்து, யாருக்கும் சங்கடம் வராத குரலில் சொல்வார்.

"நான் இவ கூட வந்தவன்."

முப்பது வருஷத்துக்கு மேல், மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் இதே கதை. கல்யாணமான புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை டாலிகஞ்ச் வீடு, துறைமுகக் குவார்ட்டர்ஸ், என் டீச்சர் உத்தியோகம் என்று வாய் ஓயாமல் அளந்திருக்கிறேன். "உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏன் எழுதவே மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

தண்ணீர்க்காரர்கள்

நாங்கள் பாப்டிஸ்ட். பவானிபூர் பக்கம் ஒரு பழைய வங்காளிச் சபையின் கட்டடத்தில் எங்களுக்கு மதியம் தமிழ் ஆராதனை. காலையில் அவர்கள் வைத்த ரஜனிகந்தா என்கிற சம்பங்கிப் பூ எங்கள் முறை வரும்போது லேசாக வாடியிருக்கும். என் அப்பா துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்து, இங்கேதான் தண்ணீரில் இறங்கி, இங்கேயே சபைக் காரியம் பார்க்கும் டீக்கனாகி, இங்கேயே மண்ணுக்குப் போனார்.

எங்களில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்து, தானாகவே விசுவாசித்து, அதைச் சபை முன்னால் வாயால் சொல்ல வேண்டும். கேட்பார்கள், துருவுவார்கள், பிறகு உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுச் சேர்ப்பார்கள். அப்புறம்தான் தண்ணீர். தெளிப்பதெல்லாம் இல்லை. தலை முழுக, மூச்சு முட்ட, உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

பிரசங்க மேடைக்கு அடியிலேயே தொட்டி இருக்கிறது. பலகைகளைப் பெயர்த்தால் வெள்ளை ஓடு பதித்த படிகள் தெரியும். கார்ப்பரேஷன் குழாயிலிருந்து ரப்பர் ட்யூப் போட்டு நிரப்ப முக்கால் நாள் ஆகும். நான் இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது. "உன் பாவம் என்னன்னு நினைக்கிறே?" என்று ஆபிரகாம் மாமா கேட்டார். அப்பாவோடு சேர்ந்து டீக்கனாக இருந்தவர். "தங்கச்சி பென்சிலை எடுத்துட்டு இல்லைன்னு சொன்னேன்" என்றேன். மொத்தச் சபையும் சிரித்தது. அந்தக் காலத்தில் என் பாவம் அவ்வளவுதான்.

எங்களுக்கு மேலே பிஷப் கிடையாது. எதுவானாலும் உறுப்பினர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். பாயை மாற்றவும் ஓட்டு, பாஸ்டரை மாற்றவும் ஓட்டு. எங்கள் சபையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. விசுவாசித்துத் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு மட்டுமே கர்த்தருடைய பந்தி, அதாவது அந்த ரொட்டியும் ரசமும். மற்றவர்கள் உட்காரலாம், பாடலாம், தட்டைக் கைமாற்றிவிடலாம். எல்லாப் பாப்டிஸ்ட் சபையிலும் இப்படி இல்லை. எங்கள் சபையில் இப்படி.

அவருடைய அம்மா

அவர் பெயர் ஜெபமணி. திருநெல்வேலிச் சீமைக்காரர். தலைமுறை தலைமுறையாக வேதக்காரக் குடும்பம். அவர்கள் ஊரில் சபையைக் கோயில் என்பார்கள், பாஸ்டரை ஐயர் என்பார்கள், பிள்ளை பிறந்தால் கையோடு தூக்கிப்போய் ஞானஸ்நானம் வாங்கிவிடுவார்கள்.

"ஒரு வருஷத்துல மாப்பிள்ளையை இறக்கிடலாம்" என்று அப்பா சம்மதித்துக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை இறங்கவில்லை. பைபிளை என்னைவிட நன்றாக அறிந்தவர். ஜெபம் பண்ணினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் என்று பேச்செடுத்தால் மட்டும் மனுஷன் கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்துவிடுவார். இப்படி நான் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும், அவருக்குச் சிரிப்பு வரும்.

காரணத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னார். அவர் பிறந்து இருபது நாளில் பிழைக்காது என்று விட்டுவிட்டார்களாம். அவருடைய அம்மாவுக்கும் பிரசவக் காய்ச்சல். அந்த அம்மா எழுந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப்போய் ஐயரை எழுப்பி ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறார். பிள்ளை பிழைத்துவிட்டது. அம்மா அந்த வாரமே போய்விட்டார்.

"எங்கம்மா எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான் எஸ்தரு. இப்ப நான் மறுபடி முங்கினா, அது செல்லாதுன்னுல்லா அர்த்தம்? அதை நான் எந்த வாயால சொல்லுவேன்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரிங்க என்று சொல்லியிருக்க வேண்டும். நான் வேத வசனம் சொன்னேன்.

ஈயம் வைத்துத் தைத்த அங்கி

தண்ணீரில் இறங்குகிறவர்கள் வெள்ளை அங்கி போட வேண்டும். இறங்கும்போது காற்றுப் புகுந்து துணி மேலே கிளம்பும் என்பதற்காக ஓரத்தில் சின்னச் சின்ன ஈயத் துண்டு வைத்துத் தைப்போம். கல்யாணமான வருஷமே அவர் அளவுக்கு ஒன்று தைத்துப் பீரோவில் வைத்தேன். அவருக்குத் தொப்பை போடப் போட, பக்கவாட்டில் பிரித்துப் பெரிதாக்குவேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"இன்னும் ரெண்டு இஞ்சு விட்டுத் தை. உன் மீன்குழம்பு நிக்கவா போகுது?"

கேலிதான். ஆனால் ஒருநாளும் அந்த அங்கியைத் தூக்கிப்போடு என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்திக்கான திராட்சை ரசம் எங்கள் வீட்டில்தான் தயாராகும். சனிக்கிழமை கறுப்புத் திராட்சையை நான் வேகவைப்பேன், அவர் மல் துணியில் போட்டுப் பிழிவார். விரலெல்லாம் ஊதாவாகிவிடும். சர்க்கரை சரியா என்று நான்தான் ருசி பார்க்க வேண்டும். அவர் விரலைக்கூட நக்க மாட்டார், நேரே குழாயடிக்குப் போய்க் கழுவிவிடுவார். வருஷக்கணக்காகத் தன் கையால் பிழிந்த ரசத்தில் ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை.

மாதர் கூட்டத்தில் ஒவ்வொரு மாதமும் "சகோதரி எஸ்தரின் கணவர் கீழ்ப்படிய வேண்டும்" என்று ஜெபம் நடக்கும். நானும் கண்ணீரோடு ஆமென் சொல்வேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. என்றைக்காவது அவர் கையைப் பிடித்து அந்தப் படியில் இறக்கி, எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மடித்த சீட்டு

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில் வருடாந்தரக் கூட்டம். புதிதாக வந்திருந்த இளம் பாஸ்டர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இயேசுவை விசுவாசிக்கிற எவரும், எங்கே எப்படி ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், பந்தியில் பங்கெடுக்கலாம். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அது என் வீட்டுக்காரருக்காக வந்த தீர்மானம்.

உறுப்பினர் அல்லாதவர்கள் வெளியே போக வேண்டும். அவர் தானே எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஆபிரகாம் மாமா எதிர்த்துப் பேசினார். இரண்டு பேர் ஆதரித்துப் பேசினார்கள். குரல் உயர்ந்தது. கடைசியில் ரகசிய ஓட்டு என்று முடிவாகி ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள்.

நான் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

ஆமாம். நான்தான். எழுதி, இரண்டாக மடித்து, காணிக்கைப் பைக்குள் போட்டேன்.

என் கணக்கு இதுதான். பந்தி இப்படியே கிடைத்துவிட்டால் இந்த மனுஷன் ஜென்மத்துக்கும் தண்ணீரில் இறங்க மாட்டார். பசித்தால்தான் ஆள் அடுக்களைக்கு வருவான். இன்னும் கொஞ்சம் பசிக்கட்டும். அப்பா இருந்தால் இதைத்தான் எழுதியிருப்பார் என்றும் தோன்றியது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

வேண்டும் பதினேழு. வேண்டாம் பதினெட்டு.

தோற்க வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் என் ஒரு சீட்டால் தோற்கும் என்று நினைக்கவில்லை. பத்துப் பதினைந்து வித்தியாசத்தில் தோற்கும், அந்தக் கூட்டத்தில் நான் ஒளிந்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

வெளியே வந்தால், வராந்தாவில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருக்கிறார். தெருமுனைக் கடையில் எனக்குப் பிடித்த பேகுனி, நம் ஊர்க் கத்தரிக்காய் பஜ்ஜிதான், வாங்கி வைத்திருக்கிறார்.

"சூடு ஆறுததுக்குள்ள தின்னு. என்ன ஆச்சு?"

"தோத்துப்போச்சுங்க."

"எத்தனை?"

சொன்னேன்.

"அடேயப்பா! எனக்குப் பதினேழு பேரா?" முகமெல்லாம் சிரிப்பு. "நீ போட்டதுனால பதினேழு. இல்லன்னா பதினாறு. போதும்டி, போதும்."

என் வாயில் பேகுனி இருந்தது. மென்றேன். அப்போதே துப்பிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். மென்று விழுங்கிவிட்டு, "மெட்ரோவுக்கு நேரமாச்சு" என்றேன்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்"

அந்த வருஷ மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. துர்கா பூஜைக்குப் பந்தல் போடும் சமயத்தில் நுரையீரல் இறுகிப்போச்சு என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே ஆக்ஸிஜன் இயந்திரம். மூக்கில் குழாய். பாலிகஞ்சுக்கும் டாலிகஞ்சுக்கும் நடந்தே போய் வருகிற மனுஷன், கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போக இரண்டு இடத்தில் நின்றார்.

ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பாஸ்டர்கிட்ட சொல்லு. தொட்டியை நிரப்பச் சொல்லு. நான் எறங்குதேன்."

"என்னங்க சொல்றீங்க? உங்கம்மா…"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். சீக்கிரம் பார்க்கத்தானே போறேன். உன் கூட ஒரு தடவையாவது அந்தத் தட்டுல கை வைக்கணும் எஸ்தரு. அவ்வளவுதான்."

முப்பது வருஷமாக நான் கேட்ட வார்த்தை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பீரோவைத் திறந்து அங்கியை எடுத்து அவர் தோளில் வைத்துப் பார்த்தேன். எந்தத் தொப்பைக்காகப் பிரித்துப் பிரித்துத் தைத்தேனோ அது இல்லை. இரண்டு ஜெபமணி அதற்குள் இருக்கலாம். ஈயத்தின் கனத்தில் துணி தோளிலிருந்து சரிந்தது.

டாக்டரிடம் கேட்டேன். சின்னப் பெண், வங்காளி. நான் சொன்னது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஜல் எகேபாரே நா, மாஷிமா" என்றாள். தண்ணீர் கூடவே கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாம், அதோடு சரி.

எங்கள் மகள் ரூத், இங்கே சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை செய்பவள், தமிழைவிட வங்காளிதான் அவளுக்கு வாய்க்கு வரும். "மா, ஆர் ஜோர் கொரோ நா" என்று அழுதாள். இனிமேலும் கட்டாயப்படுத்தாதே என்கிறாள். நான் கட்டாயப்படுத்தவில்லை என்று கத்தினேன். முப்பது வருஷமாகச் செய்ததெல்லாம் வேறென்ன?

சர்க்கரை சரியா இருக்கா?

நான் ஆராதனைக்குப் போக முடியாததால் பாஸ்டர் எனக்குப் பந்தி கொடுக்க வீட்டுக்கு வந்தார். எனக்கு. கட்டிலில் கிடக்கிறவருக்கு இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு.

சின்ன மரப்பெட்டியைத் திறந்தார். நான்கு துண்டு ரொட்டி, இரண்டு கிண்ணம். ஜெபமணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், எனக்குத் தண்ணி கூடாதுன்னுட்டாவ. இதுலயாவது ஒரு துண்டு…"

பாஸ்டரின் கை நின்றுவிட்டது. பாவம், முப்பது வயதுப் பையன்.

"அண்ணே, நானா முடிவு பண்ண முடியாதே. சபை தீர்மானம். தோத்த தீர்மானத்தை அடுத்த ஜனவரி வரைக்கும் திரும்ப எடுக்க முடியாது. ஒரே ஒரு வழி இருக்கு. எதிர்த்து ஓட்டுப் போட்டவங்கள்ல ஒருத்தர், 'நான் மனசு மாறிட்டேன், மறுபடி எடுங்க'ன்னு கேட்டா, இந்த ஞாயித்துக்கிழமையே கூட்டம் கூட்டலாம். ஆராதனையில ரெண்டு தடவை அறிவிச்சுட்டேன். யாரும் வரலை. ரகசிய ஓட்டு, யார்கிட்ட போய்க் கேட்பேன்?"

இயந்திரம் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"விடுங்க பாஸ்டர்" என்றார் அவர், என் வாயிலிருந்து வார்த்தை வருவதற்குள். "யாரையும் வற்புறுத்தாதீங்க. பதினேழு பேரு எனக்காக எழுதினாவல்லா? அதுல ஒண்ணு இவ. முப்பது வருசம் இவ கட்சி வேற, என் கட்சி வேற. அன்னைக்கு எனக்காக இவ அப்பா கட்சியை விட்டுட்டு வந்தா. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு என் முழங்கை மேல் கையை வைத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் அவருக்கு ரொட்டி கிடைக்கும். ஆனால் இந்தக் கை என் மேலிருந்து போய்விடும். அவருக்கு மிச்சமிருந்த ஒரு சந்தோஷத்தையும் பிடுங்க வேண்டாமே என்றுதான் சும்மா இருந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பயம். அவர் என்னை வேறு மாதிரி பார்ப்பார் என்ற பயம்.

பாஸ்டர் ஜெபித்து ரொட்டியை என்னிடம் நீட்டினார். ஜெபமணி வழக்கம்போல என் சங்கடத்தைப் பார்க்க வேண்டாமென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் தின்றேன். ரசத்தைக் குடித்தேன். அந்த மாதம் வேறு யாரோ தயார் செய்தது.

"சர்க்கரை சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கம்மிங்க" என்றேன்.

பாஸ்டருக்குப் போன் செய்து தனியாகச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் நினைத்தேன். ஜெபமணிக்குத் தெரியாமல் காரியம் நடந்துவிடும். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் போயிற்று. பொரோதின் என்று வங்காளிகள் சொல்லும் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மன்னித்தேன்

அடக்கத்துக்கு வந்த ஆபிரகாம் மாமா என் தலையில் கை வைத்து, "தண்ணி ரட்சிக்காதும்மா. அவர் விசுவாசம் அவரை ரட்சிச்சுது. நம்ம உபதேசமே அதுதானே. நீ கலங்காதே" என்றார்.

"தண்ணி ரட்சிக்காதுன்னா, அப்புறம் எதுக்கு மாமா அவரை இத்தனை வருஷம் ஓரமா உட்காரவச்சோம்?"

மாமாவைக் கேட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நான் கேட்டது என்னை.

ஜனவரியில் அதே தீர்மானம் மறுபடி வந்தது. முன்மொழிய என்னையே கேட்டார்கள், விதவை ஆயிற்றே. எழுந்து நின்று முன்மொழிந்தேன். இந்தமுறை சீட்டு வேண்டாம் என்று கையைத் தூக்கினார்கள். ஒரு கை பாக்கியில்லை. முதல் கை ஆபிரகாம் மாமாவுடையது. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கூட்டம் முடிந்ததும் மாமா தடியூன்றி வந்தார். எண்பதைத் தாண்டிய மனுஷன்.

"எஸ்தரு, போன வருஷம் நான் வேண்டாம்னு எழுதினேன். பாஸ்டர் அறிவிச்சப்பவாவது எழுந்து போயிருக்கணும். வீம்பு. ஒரு ஓட்டும்மா, ஒரே ஒரு ஓட்டு. நான் அவருக்குப் பண்ணினது பாவம். என்னை மன்னிச்சிரு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிட்டேன் மாமா" என்றேன்.

என் துணிச்சலைப் பாருங்கள். பதினெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் உண்மை பேச வாய் வந்தது. அவரையும் நான் மன்னித்து அனுப்பினேன். அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார், நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டே.

இதை எழுதினால் மனசு லேசாகும் என்று ரூத்தின் தோழி ஒருத்தி சொன்னாள். எழுதிவிட்டேன். ஆகவில்லை. இந்தப் பத்திரிகை சபையில் நாலு வீட்டுக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். தெரிய வேண்டியவருக்கு இனிமேல் தெரியப்போவதில்லை.

போன முதல் ஞாயிறு

இப்போது எங்கள் பந்தி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஐ.டி. வேலைக்கு வரும் பிள்ளைகள், எந்தெந்தச் சபையிலிருந்தோ வருகிறவர்கள், எல்லோரும் எடுக்கிறார்கள். நல்ல காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்து அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூராம், வந்து இரண்டு வாரமாம். தட்டு இடப்பக்கமிருந்து வந்தது. நான் இரண்டு கையாலும் வாங்கினேன். ஒரு நொடி மடிமேல் வைத்துக்கொண்டேன். அவளிடம் நீட்டினேன்.

அவள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பதறிப்போய்த் தட்டைத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

"ஆன்ட்டி, நீங்க எடுக்கலையே?"

"நான் அவர் கூட வந்தவம்மா" என்றேன்.